லாசரஸ் சொன்ன காரணம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் லாசரஸின் கடை எது என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் எச்சரிக்கை சொல்வார்கள். "கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு. மழுப்பினா தொரத்திடுவாரு." அதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டியின் மேல் கை வைப்பதற்கு முன்னால், ஓட்டி வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து விசாரிப்பது அவர் வழக்கம். எங்கே நின்றது, எந்த கியரில் நின்றது, ஹெட்லைட் போட்டிருந்தீர்களா, வைப்பர் ஓடியதா, மழையா வெயிலா, நின்ற பிறகு எத்தனை நிமிஷத்தில் மறுபடி பிடித்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

பல்லாவரத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடையில் தொடங்கி, 1989-ல் இங்கே தகரக் கூரையின் கீழ் சொந்தமாகக் கடை வைத்தவர். ஐந்தடி இரண்டு அங்குலம். ஆள் குள்ளமே தவிர குரல் மகாலட்சுமி நகர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். மற்ற எலக்ட்ரீஷியன்கள் வயரை ஈயம் உருக்கி ஒட்டாமல், வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்குத் தெருவே அதிரும். "ஈயம் வெக்காம ஜாயின்ட் போடுறவன் எலக்ட்ரீஷியனா? அவன் பூ கட்டப் போலாம்!" பூ கட்டும் அம்மணியக்கா எதிர்க்கடையிலிருந்து, "ஏன், பூ கட்டுறதுன்னா அவ்ளோ எளப்பமா?" என்று பதிலுக்குக் கத்துவாள். இதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை நடக்கிற விஷயம்.

இப்படி விசாரித்து விசாரித்தே, ஓடும்போது அணைந்துபோகிற வண்டிகளுக்கு லாசரஸ்தான் என்று தாம்பரத்துக்குத் தெற்கே பெயர் பரவிவிட்டது. பெரிய சர்வீஸ் சென்டர்களில் கைவிட்ட வண்டிகள்கூட அவரிடம் வரும். லாசரஸ் காரணம் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

2007-ம் வருஷம் ஜூலை மாதம் ஞானஜோதி டீச்சர் தன் ஸ்கூல் வேனோடு வந்தார். டீச்சர் என்றால் பழைய டீச்சர். வேலையை விட்டபின், கைமாறி வந்த டீசல் வேன் ஒன்றை வாங்கி மஞ்சள் அடித்து, ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஓட்டுவதற்கு மதியழகன் என்று ஒரு டிரைவர். கானத்தூர்க் குப்பத்துக்காரன், வயது முப்பத்திரண்டு. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவன் என்பதால் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவன். ஆறடிக்கு மேல் உயரம். லாசரஸின் ஸ்டூலில் அவன் உட்கார்ந்தபோது முழங்கால் நெஞ்சுவரைக்கும் வந்தது.

"சொல்லு. இன்னா பண்ணுது?"

"ஓடிகினே இருக்கும்ணா. பட்டுனு ஆஃப் ஆயிடுது. ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, செல்ஃப் எடுக்குது. இன்ஜின் மட்டும் புடிக்க மாட்டுது. நான் கீழ எறங்கி முன்னாடி தொறந்து பாத்துட்டு திரும்பி வந்து சாவி போட்டா, ஒண்ணுமே நடக்காத மாரி ஓடுது."

"எத்தினி வாட்டி?"

"இந்த மாசம் நாலு வாட்டி. போன வியாழக்கெழம ரயில்வே கேட்டாண்ட, தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சிண்ணா. உள்ள பதினோரு புள்ளைங்க."

கேட் திறந்துதான் இருந்திருக்கிறது, ரயில் எதுவும் வரவில்லை. இன்ஜின் பிடிக்காது என்று தெரிந்ததும் அவன் முதல் கியரைப் போட்டு, சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரின் இழுப்பிலேயே வேனை அங்குலம் அங்குலமாகத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கிறான். அந்தச் சமயத்தில் அந்த யோசனை வருகிறவர்கள் பத்து டிரைவர்களில் ஒருவர் இருந்தால் அதிகம். லாசரஸ் அதைக் கேட்டார், தலையை ஆட்டினார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"திருட்டு லாக் ஏதாச்சும் கீதா? ரிமோட்டு, இம்மொபிலைஸரு?"

டீச்சர்தான் பதில் சொன்னார். "நான் வாங்கும்போதே ரிமோட் இல்ல தம்பி. டேஷ்போர்டுல ஒரு சின்ன லைட் இருக்கு, அது எரியறதே இல்ல."

"அப்ப எப்பவோ கயட்டிட்டானுங்க" என்று லாசரஸ் அந்தக் கேள்வியை அத்தோடு மூடினார். கேட்டாரே தவிர, குனிந்து பார்க்கவில்லை. ரிமோட் தொலைந்து, விளக்கு செத்துப்போனாலும், வண்டியின் மின்சாரம் அந்தத் திருட்டு லாக்கின் பெட்டிக்குள் புகுந்துதான் போய்க்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறார்! பெயர் வந்த மனுஷனுக்குக் குனிவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடுகிறது, வேறென்ன சொல்ல.

டீசல் வண்டியில் சோலினாய்டு என்று ஒரு அடைப்பான் உண்டு. மின்சாரம் வருகிறவரை டீசலுக்கு வழிவிடும். மின்சாரம் அறுந்தால் வழியை மூடிவிடும், இன்ஜின் நின்றுபோகும். லாசரஸ் அதைச் சோதித்தார். ஃபியூஸ், பேட்டரி முனைகள், சாவி போடும் சுவிட்ச், எல்லாவற்றையும் சோதித்தார். ஒன்றிலும் குறை இல்லை. பிறகு மூன்று நாள் தானே வேனை ஓட்டிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், மதியழகன் பின்னால் தள்ளிவைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டதுதான். இல்லாவிட்டால் அவருக்குப் பிரேக் எட்டாது. மேடவாக்கம் வரை போனார், வண்டலூர் வரை போனார். பள்ளம் மேடெல்லாம் ஏற்றி இறக்கினார். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அடுத்த வாரம் டீச்சரை ஓட்டச் சொன்னார். டீச்சரும் அவர் உயரம்தான், அவரும் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டுதான் ஓட்டினார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆறு நாள் போய் வந்தார். ஆறு நாளும் வண்டி நிற்கவில்லை.

சனிக்கிழமை லாசரஸ் தீர்ப்புச் சொன்னார். மதியழகனும் அங்கேதான் நின்றிருந்தான்.

"டீச்சர், வண்டில ஒண்ணும் இல்ல. ஆளுதான் சரியில்ல. கிளட்ச்ல கால வெச்சிகினே ஓட்டுறான், பதட்டத்துல ஆஃப் பண்ணிடுறான். அத்த மறைக்க வண்டி மேல பழி போடுறான்."

"நான் கிளட்ச்ல கால் வெக்க மாட்டேண்ணா" என்றான் மதியழகன். "எம் பொண்ணு மேல சத்தியம்."

"கால் எங்க போவுதுன்னு ஓட்டுறவனுக்கே தெரியாது. பழக்கம் அப்டி. நீ ஓட்டினா நிக்குது, நான் ஓட்டினா நிக்கல. இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?"

அவன் தன் காலையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனான். டீச்சருக்கும் வேறு வழியில்லை. மெட்டில்டா என்கிற அம்மா தலைமையில் பெற்றோர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, டிரைவரை மாற்றாவிட்டால் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தண்டவாளத்தில் பிள்ளை நின்ற தாயைக் குறை சொல்ல முடியுமா? அன்றிலிருந்து டீச்சரே ஓட்டினார். இரண்டு மாதம் வேன் எங்கேயும் நிற்கவில்லை. லாசரஸின் பெயருக்கு இன்னொரு படி ஏற்றம். வண்டியை மட்டுமல்ல, ஆளையும் கண்டுபிடித்துவிடுவார் என்றார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை டீச்சர் போன் செய்தார். குரலே சரியில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் தம்பி ஜெபகுமார் வேனை எடுத்துக்கொண்டு போனபோது, தாம்பரம் சானடோரியம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அணைந்து நின்றுவிட்டதாம். லாசரஸ் டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். டெஸ்ட் லாம்ப் என்பது இரண்டு வயர் மாட்டிய சின்ன பல்பு. மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்தால் எரியும். அவர் தொழிலில் பாதி அந்த பல்புதான்.

ஜெபகுமாரும் நல்ல உயரம். இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர், அவருக்குக் கால் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டிராபிக் போலீஸ்காரர் சத்தம் போட, ஜெபகுமார் ஸ்டீயரிங் பிடிக்க, நாலு பேர் சேர்ந்து வேனை டீக்கடை ஓரம் தள்ளினார்கள். அவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. அதனால் லாசரஸ் ஏறி உட்கார முடியவில்லை. வெளியே நின்றபடியே சோலினாய்டு வயரில் பல்பை மாட்டினார்.

பல்பு எரியவில்லை.

"சாவி போட்டுத்தான கீது சார்?"

"ஆன்லதான் இருக்கு. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று ஜெபகுமார் இறங்கினார். அவர் இறங்கியதும் பல்பு எரிந்தது.

லாசரஸ் அந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார், ஒரு நிமிசம் மறுபடி ஏறி உக்காருங்க." உட்கார்ந்து அசைந்தார், பல்பு அணைந்தது. "எறங்குங்க." எரிந்தது. "உக்காருங்க." அணைந்தது. டீக்கடையில் நின்றவர்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. "இன்னாபா, சாரை வெச்சு தோப்புக்கரணம் போட்டுகினு கீற?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

லாசரஸ் சிரிக்கவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அங்கே சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒரு இம்மொபிலைஸர் பெட்டி. அதிலிருந்து வந்த வயர் ஒன்று சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பட்டையின் கீழே கிடந்தது. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால் இரும்பு விளிம்பு சரியாக அந்த வயரின் ஜாயின்ட் மேல் வந்து உட்காரும். கனத்தில் நசுங்கி, ஒரு குலுக்கலில் ஜாயின்ட் விலகும், மின்சாரம் அறுந்துபோகும். ஆள் இறங்கினால் கனம் நீங்கி வயர் மறுபடி சேர்ந்துகொள்ளும், அடுத்த குலுக்கல் வரைக்கும் ஓடும். மதியழகன் சொன்னது அட்சரம் பிசகாமல் அதேதான். சீட்டை முன்னால் இழுத்தால் அந்த ஜாயின்ட்டை எதுவும் தொடாது. லாசரஸ் மூன்று நாள் ஓட்டியபோதும், டீச்சர் இரண்டு மாதம் ஓட்டியபோதும் அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை.

அதுவாவது பரவாயில்லை. அவர் கண்ணில் அடுத்துப் பட்டது வேறு. ஜாயின்ட்டில் ஈயம் இல்லை. முறுக்கி டேப் சுற்றியிருந்தது. கறுப்பு டேப்பின் மேல் முடிவில் சிவப்பு டேப் இரண்டு சுற்று. கேம்ப் ரோட்டில் அப்படி முடிக்கிறவர் ஒருவர்தான்.

2004-ல் மாடம்பாக்கத்துக்காரர் ஒருவர் மெரூன் நிற வேனில் இந்தப் பெட்டியை மாட்டச் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஈயம் வைக்கும் கருவி சூடாகவில்லை. அவரோ அவசரப்பட்டார். "நாளைக்கு வாங்க சார், ஈயம் வெச்சுத் தரேன்" என்று லாசரஸ் முறுக்கிவிட்டு அனுப்பினார். அவரும் வரவில்லை, இவரும் மறந்துவிட்டார். மெரூனுக்கு மேல் மஞ்சள் ஏறியதும் வண்டியும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"யார் பண்ண வேலைங்க இது?" என்று ஜெபகுமார் கேட்டார்.

"பழைய வேலை சார்" என்றார் லாசரஸ். பொய் இல்லைதான். உண்மையும் இல்லை.

கடைக்குக் கொண்டுபோய் அந்தப் பெட்டியையே பிடுங்கி எறிந்து, வயரை நேராகச் சேர்த்து ஈயம் வைத்துக் கொடுத்தார். மத்தியானம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஜான்சி, "வெந்தியக்கொழம்பு நல்லால்லியா?" என்று கேட்டாள். அவளிடம் சொல்லிவிட்டார். அவள் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள். "மொதல்ல போய் அந்தப் பையனாண்ட சொல்லு. அப்பறம் வந்து துன்னு."

முதலில் டீச்சரிடம் போனார். டீச்சர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். "பொண்ணு மேல சத்தியம் பண்ணானே லாசரஸ், நாம நம்பலியே" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

மதியழகன் சேலையூர் மார்க்கெட்டில் இருந்தான். அவன் மனைவி துர்கா அங்கே மீன் விற்கிறாள். விடியற்காலையில் குப்பத்திலிருந்து பஸ்ஸில் கூடையைக் கொண்டுவந்து சேர்ப்பதும், பக்கத்தில் உட்கார்ந்து செதில் எடுத்துக் கொடுப்பதும் இப்போது அவன் வேலை. சங்கரா மீன் ஒன்றை ஆய்ந்துகொண்டிருந்தவன் லாசரஸைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எழுந்து நின்றதே லாசரஸுக்கு அவமானமாக இருந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னார். வண்டி மறுபடி நின்றதை, சீட்டை, வயரை, அது தான் போட்ட ஜாயின்ட் என்பதை, எல்லாவற்றையும் சொன்னார். மீன் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

முதலில் வாய் திறந்தது துர்காதான். "நல்லா கீதுய்யா உன் ஞாயம்! ரெண்டு மாசமா இந்த மனுசன் எப்டி கெடந்தாருன்னு தெரியுமா உனக்கு? எங்க அண்ணன் மீன் வண்டி ஓட்டக் கூப்ட்டான், போவல. எம் பொண்ணை சைக்கிள்ல ஏத்திகினு போவ மாட்டேன்னுட்டாரு. எங்கால் எங்க போவுதுன்னு எனக்கே தெரியல துர்கா, புள்ளைங்கள நானே சாவடிக்கப் பாத்தேனேன்னு தெனம் பொலம்பினாரு. நீ சொன்ன ஒரு வார்த்தை!"

லாசரஸ் நினைத்து வந்தது, ஒரு மனுஷனின் வேலையைப் பறித்துவிட்டோம் என்று. வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். தன் பேச்சை நம்பி இவன் தன் காலையே நம்பாமல் விட்டுவிட்டான் என்பது அவர் கணக்கில் இல்லை. பக்கத்துக் கடைக்காரியின் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

மதியழகன் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "அப்ப கேட்டாண்ட நின்னது..." என்று ஆரம்பித்து, மேலே கேட்கப் பயந்தவன்போல நிறுத்தினான். "அது நான் இல்லியாண்ணா?"

"நீ இல்லப்பா. நிறுத்தினது நான். அங்கேந்து புள்ளைங்கள வெளிய கொண்டாந்ததுதான் நீ. அன்னிக்கே அத்த நான் சொல்லியிருக்கணும்."

அவன் மார்க்கெட் என்றும் பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். துர்கா அவன் முதுகில் கை வைத்தபடி லாசரஸைப் பார்த்தாள். அவள் கோபம் இன்னும் அடங்கவில்லை. "எங்களாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? கையெழுத்து போட்டாங்களே, அவுங்களாண்ட போயி சொல்லு. ஒவ்வொரு வூடா சொல்லு."

திங்கட்கிழமை காலை லாசரஸ் வேனில் போனார். டீச்சர் திருப்பிக் கொடுத்த சாவியைப் போட்டு, மதியழகன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிக்கொண்டு ஓட்டினான். முதல் கொஞ்ச தூரம் இருபதுக்கு மேல் போகவில்லை, கிளட்சை விட்ட காலை ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துக்கொண்டான். லாசரஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பிள்ளையோடு நிற்கிற அம்மாவிடமோ அப்பாவிடமோ அதே நாலு வாக்கியத்தைச் சொன்னார். என் பேரு லாசரஸ், வண்டி நின்னதுக்குக் காரணம் நான் போட்ட ஜாயின்ட், டிரைவர் மேல தப்பு இல்ல, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒரு அப்பா, "உங்களை நம்பித்தானேய்யா ஒருத்தன் சோத்துல மண்ணைப் போட்டோம்" என்று திட்டினார். லாசரஸ் வாங்கிக்கொண்டார். தெருவையே அதிரவைக்கும் அந்தக் குரல் அன்றைக்கு எங்கே போனதோ.

கடைசி நிறுத்தத்தில் மெட்டில்டா நின்றிருந்தார். மகளின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். லாசரஸ் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க, வண்டில ஒண்ணும் இல்லன்னு. இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க, டிரைவர் மேல தப்பு இல்லன்னு. இனிமே நிக்காதுன்னு எதை வெச்சு நான் நம்பறது?"

நியாயமான கேள்வி. அந்த ஜாயின்ட் இனி இருபது வருஷம் அசையாது என்று லாசரஸுக்குத் தெரியும். அது வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"என்னை நம்பாதீங்கம்மா" என்றார். "வண்டியை ஓட்டுறவர் அவரு. அவரக் கேளுங்க."

மெட்டில்டா வேனின் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். மதியழகன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். இன்ஜின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பத்துப் பிள்ளைகளும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிக்காதும்மா" என்றான். "அப்டியே நின்னாலும், புள்ளைங்கள நான் பாத்துப்பேன். பாப்பாவ ஏத்துங்க."

மெட்டில்டா மகளின் கையை விட்டார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மதியழகன் கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். இந்தத் தடவை காலைக் குனிந்து பார்க்கவில்லை.